சின்ன ஊர்க்காரர்

ஆற்றங்கரையில்தான் ஆரம்பிப்பார். இடது கையில் அழுத்தினால் காற்றைப் பீச்சும் ரப்பர் குப்பி. வலது கையில் கன்னத்துக்குப் பவுடர் தடவுகிற மெத்தென்ற தூரிகை. முதலில் பாலங்கள், அப்புறம் மருத்துவமனை, அப்புறம் பள்ளிக்கூடங்கள். கூரை கூரையாக, தெருத் தெருவாகத் தூசி தட்டிக்கொண்டே வருவார். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குச் சந்தை முனைக்கு வந்துவிடுவார். அங்கே தூரிகையைக் கீழே வைப்பார். ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு வீட்டின் கூரையை ஒரு தடவை தொடுவார். பிறகு தூரிகையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அவர் தொட்ட வீடு அவருடைய சொந்த வீடு.

ஊர் என்று நான் சொல்வது ஒரு மேசையை. இருபதடி நீளம், பதினாலடி அகலம். நகரத் திட்ட அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், மின்விசிறி இல்லாத, ஜன்னல் திறக்காத ஓர் அறையில் இருக்கிறது. ஆயிரம் அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் நம் நகரம் முழுவதையும் அட்டையிலும் தக்கையிலும் செய்து வைத்திருக்கிறார்கள். சாதாரண வீடு ஒன்று பட்டாணி அளவு இருக்கும். அலுவலகத்தில் இதற்குச் ‘சின்ன ஊர்’ என்று பெயர். நாம் வெளியே குடியிருப்பது ‘பெரிய ஊர்’. இருபத்தெட்டு வருஷமாக இந்தச் சின்ன ஊரைச் செய்து, ஒட்டி, எடுத்து, மாற்றிக்கொண்டிருக்கும் மனிதருக்குச் ‘சின்ன ஊர்க்காரர்’ என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கும். அதைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே தெரியவில்லை.

ஒல்லியான மனிதர். வயது ஐம்பத்தாறு. சட்டைப் பையில் எப்போதும் ஓர் இடுக்கி. விரல் நுனிகளில் பசை காய்ந்து காய்ந்து ரேகையே இல்லாமல் போய்விட்டது. அலுவலகத்தில் விரல் வைத்து வருகையைப் பதிகிற இயந்திரம் அவரை மட்டும் ஏற்றுக்கொள்வதில்லை. “நான் வந்தது மெஷினுக்குத் தெரியாது சார். நான் இல்லாமலேதான் இங்க வேலை நடக்குது” என்று சிரிக்கிறார். சிரிப்புச் சத்தம் வெளியே வராது. அந்த அறையில் தும்மக்கூட மாட்டார். தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடுவார். ஒரு தடவை அடக்க முடியாமல் தும்மி, ரயில் நிலையத்தின் கூரை பறந்துபோய் ஏரியில் விழுந்ததாம். அன்று முழுக்க ரயில் எதுவும் கவிழ்ந்ததாகச் செய்தி வருகிறதா என்று வானொலியைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் என்றார். இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. அந்த அறைக்குள் முதல் நாள் போனபோது, எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: என் வீட்டைத் தேடினேன். பெரிய கட்டடங்களுக்கு அவர் ஊசியால் ஜன்னல் குத்தி வைத்திருக்கிறார். நான் குடியிருக்கும் நாலு மாடிக் கட்டடத்தைக் கண்டுபிடித்து, மூன்றாம் மாடியில் இடமிருந்து இரண்டாவது துளைக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். உள்ளே இருட்டாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிமிர்ந்து அறையின் கூரையைப் பார்த்தேன்.

“எல்லாரும் மேல பாப்பாங்க சார். வெக்கப்படாதீங்க” என்றார் அவர், தூரிகையை நிறுத்தாமலே.

சின்ன ஊரில் மரம் உண்டு, விளக்குக் கம்பம் உண்டு, பேருந்துகூட உண்டு. ஆட்கள் கிடையாது. ஓர் அதிகாரி கேட்டாராம், ஊர் வெறிச்சென்று இருக்கிறதே, அங்கங்கே நாலு மனிதர்களைச் செய்து நிறுத்தலாமே என்று. மாட்டேன் என்றுவிட்டாராம் இவர். “ஆளை வெச்சா, அப்புறம் எடுக்கச் சொல்லுவாங்க. வீட்டை எடுக்கிறதே போதும் சார்.”

எடுப்பதுதான் இவருடைய வேலையில் பாதி. வெளியே ஒரு கட்டடத்தை இடித்துவிட்டால் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவுத் தாள் வரும். அதன்படி மேசையில் அந்தக் கட்டடத்தை எடுத்துவிட்டு, வரப்போவதை ஒட்ட வேண்டும். மேசையின் நடுப்பகுதி கைக்கு எட்டாது. அதற்கு ஒரு நீளப் பலகை வைத்திருக்கிறார். மேசையின் இரண்டு ஓரத்திலும் முட்டுக் கொடுத்துப் பலகையைப் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, தலையைத் தொங்கப்போட்டு வேலை செய்வார். அப்போது ஊரின் நாலு வார்டுகள் அவர் நிழலுக்குள் வந்துவிடும். இடுக்கியை நீட்டுவதற்கு முன்னால் மேசையில் நகத்தால் இரண்டு தட்டு தட்டுவார். டொக், டொக். மூன்று மூச்சு விடும் நேரம் காத்திருப்பார். அப்புறம்தான் வீட்டை எடுப்பார்.

எதற்கு என்று கேட்டேன்.

“கதவைத் தட்டாம ஒரு வீட்டுக்குள்ள கை வைக்கலாமா சார்? உள்ள யாராச்சும் இருந்தா?”

எடுத்த வீடுகளைக் குப்பையில் போடுவதில்லை. பிஸ்கட் டப்பாக்களில் போட்டு, வருஷம் எழுதி, மேசைக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறார். இருபத்தெட்டு டப்பாக்கள். அடியில் குனிந்து ஒரு டப்பாவை ஆட்டிக் காட்டினார். உள்ளே ஒரு தெருவே கலகலவென்று உருண்டது.

இனி ஒன்பது கட்டடங்களைப் பற்றிச் சொல்கிறேன். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அவற்றால்தான். மூன்றாம் நாள் அவர் பின்னாலேயே மேசையைச் சுற்றி வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். ஊர் முழுக்கத் தூரிகை பட்டுத் துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. கிழக்கு ஓரத்தில், பழைய பேருந்துப் பணிமனை நிலத்தில் நிற்கும் ஒன்பது கட்டடங்களின்மேல் மட்டும் தூசி சாம்பல் நிறத்தில் படிந்து கிடக்கிறது. அவர் குப்பியும் தூரிகையும் அந்த இடம் வந்ததும் ஒரு வளைவு வளைந்து தாண்டிப் போகின்றன. மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். மறுநாளும் அதே வளைவு.

அந்த நிலத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பணிமனை மூடிப் பல வருஷம் ஆகிறது. அங்கே என்ன வரலாம் என்பதில் இரண்டு யோசனைகள். ஒன்று, பெரிய வணிக வளாகம்: கடைகள், அலுவலகங்கள், திரையரங்கு. மற்றது, குறைந்த வாடகைக்கு ஒன்பது கட்டடங்களில் நூற்றெண்பது வீடுகள். இரண்டையும் சின்ன ஊரில் வைத்துப் பார்த்து முடிவு செய்வது என்று ஏற்பாடு. அதற்காக நிலத்தின் அளவுக்கு மேசையில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் மாற்றி மாற்றிப் பொருத்துகிற மாதிரி இரண்டு துண்டுகள் செய்யச் சொன்னார்கள். அவர் செய்தார். வளாகத்தின் கண்ணாடிச் சுவருக்கு மெல்லிய நெகிழித் தாளை ஒட்டி, உள்ளே படிக்கட்டுகூட மடித்து வைத்திருந்தார். “ரெண்டும் நான் பெத்த பிள்ளைங்க. இதுல ஓரவஞ்சனை பண்ணக்கூடாது” என்றார்.

அந்த அலுவலகத்தின் திட்ட அதிகாரி இளம்பெண், கெட்டிக்காரி. நாளெல்லாம் அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர். அவரிடமும் கேட்டேன். “வீடு கட்டினா நூத்தெண்பது குடும்பம் சார். வளாகம் வந்தா ரெண்டாயிரம் பேருக்கு வேலை, அந்த வரியில பாதி ஊருக்குக் குழாய் போடலாம். எதை விடச் சொல்றீங்க? தூக்கமே வரலை” என்றார். நியாயமான பேச்சு. நம்மவர் பக்கத்தில் நின்று ஓர் ஓட்டு வீட்டுக்கு ஓடு கீறிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், “அந்த ரெண்டாயிரம் பேரும் வேலை முடிஞ்சு எங்க போய்ப் படுப்பாங்க மேடம்?” என்றார். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. அதுதானே பிரச்சினை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியானால் பள்ளத்தில் ஏன் வீட்டுத் துண்டு மட்டும் நிற்கிறது, அதன்மேல் ஏன் தூசி என்று அவரிடம் நேராகவே கேட்டேன். “மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு நடை போலாமா சார்?” என்றார்.

பெரிய ஊரில் அவர் நடப்பதைப் பார்க்க வேண்டும். இருபத்தெட்டு வருஷம் மேலேயிருந்து பார்த்த மனிதருக்குக் கீழே வழி தெரிவதில்லை. திருப்பங்களில் நின்று கண்ணை மூடி, மேசையை மனதில் கொண்டுவந்து, “ஜன்னல் பக்கமா மூணு விரக்கடை” என்று முனகிவிட்டுத் திரும்புகிறார். திறந்த வெளியில் வந்தால் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறார். அவரோடு ஒரு மணி நேரம் நடந்ததில் எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

ஓர் அகலமான சாலையின் ஓரத்தில் நிறுத்தினார். ஒரு பக்கம் சாலை. எதிர்ப்பக்கம் முழுக்க வெற்று மனை, புல் முளைத்துக் கிடக்கிறது. சாலையைக் காட்டி, “இங்க நாப்பத்தோரு வீடு இருந்தது சார். வாடகை வீடுங்க. மூணாவது வீட்டுல எங்க அக்கா” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் உத்தரவுத் தாள் வந்தது: இந்தத் தெருவில் இடது பக்கத்துக் கிடங்குகளை இடித்தாயிற்று, மாதிரியிலும் எடுக்கவும். தாள் தெற்கிலிருந்து பார்த்து வரைந்தது. அன்றைக்குத் தெற்கு ஓரத்தில் யாரோ நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நம்மவர் பலகையை வடக்கிலிருந்து போட்டுக் குப்புறப் படுத்தார். அப்படிப் படுத்தவருக்கு இடது எதுவோ, அதை எடுத்தார்; தலைகீழாகத் தொங்குகிறவருக்கு எல்லாம் வெறும் கூரைகள்தான். டொக் டொக் என்று தட்டும் பழக்கம் அப்போது கிடையாது. மேசையில் கிடங்குகள் நின்றன, எதிர்ச் சாரியில் நாற்பத்தொரு வீடுகள் டப்பாவுக்குள் போயின.

எட்டு மாதம் யாரும் பார்க்கவில்லை. அந்த எட்டு மாதத்தில், சாலையை அகலப்படுத்த இடம் தேடிய அதிகாரிகள் மேசையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு பக்கம் கிடங்கு, ஒரு பக்கம் காலி. காலி இருக்கிற பக்கம் கோடு போட்டார்கள். களத்துக்குப் போன ஆள், இங்கே வீடுகள் இருக்கின்றன என்று எழுதித்தான் அனுப்பினான். மாதிரியில் இல்லை, ஆகவே ஆக்கிரமிப்பாக இருக்கும் என்று பதில் போயிற்று. குடியிருந்தவர்களிடம் தங்கள் பெயரில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. புதுச் சாலையை ஒட்டச் சொல்லி உத்தரவு தன் கைக்கு வந்த அன்றுதான் இவருக்கு உறைத்தது. பெரிய அதிகாரியிடம் ஓடினார். கையெழுத்து ஆகிவிட்டது, இப்போது எதற்குக் கிளப்புகிறாய் என்றாராம் அவர்.

“நான் எடுத்தேன், அப்புறம்தான் போச்சு. மத்ததெல்லாம் போனதுக்கப்புறம் எடுக்கிறது. இது மட்டும் முன்னாடியே எடுத்தது” என்றார். வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் சாலையில் மூன்றாவது வீடு இருந்திருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குத் தெரியுமா என்றேன். “சொல்ல வாய் வரலை சார்” என்றார்.

அந்த அக்காவை அடுத்த செவ்வாய்க்கிழமை பார்த்தேன். மாதத்தில் ஒரு செவ்வாய் பொதுமக்கள் சின்ன ஊரைப் பார்க்கலாம். அக்காவுக்கு அறுபத்து நாலு வயது. இப்போது ஊருக்கு வெளியே மகள் வீட்டில், சமையலறையில் பாய் விரித்துப் படுக்கிறார். வேலைக்கு வர இரண்டு பேருந்து மாற வேண்டும். குறைந்த வாடகை வீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு வருஷமாகக் காத்திருக்கிறார். மாதம் தவறாமல் அந்தச் செவ்வாய்க்கு வந்து, முதலில் அகலச் சாலைக்குத்தான் போகிறார்.

“இங்கதானேடா தம்பி இருந்தேன்?” என்று கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்க்கா.”

அக்கா விரலை அங்கே வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. “ஒரு தடவை பாரு, பாத்திரம் கழுவிட்டு இருக்கேன், பொசுக்குனு வீடே லேசாயிட்ட மாதிரி இருந்துச்சு. ஒரு சத்தமும் இல்ல. கையைத் துடைச்சிட்டு வெளிய வந்து பாத்தேன், எதிர்வீட்டுக்காரியும் வெளிய வந்து நிக்கிறா. தெருவே வந்து நிக்குது. என்னன்னு யாருக்கும் சொல்லத் தெரியலை. அப்புறம் ஒரு வருஷத்துல ஆளுக்கொரு திக்கு” என்றார். எந்த மாதம் என்று நான்தான் கேட்டேன். மழைக்கு முந்தின மாதம், பேத்தி பிறந்த வருஷம் என்றார். பேத்திக்கு இப்போது பன்னிரண்டு வயது. தம்பி அங்கே இல்லை. வராந்தாவில் கை கழுவும் தொட்டியில் வெகுநேரமாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அன்று மாலை அவரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “வீட்டுத் துண்டைச் செஞ்சு முடிச்சதும் சும்மா பொருந்துதான்னு பள்ளத்துல வெச்சுப் பாத்தேன். எடுக்க மனசு வரலை. பசை போட்டுட்டேன்” என்றார். “புதுசு பளபளன்னு கண்ணை உறுத்தும் சார். தூசி படிஞ்சா ஊரோட ஊரா ஆயிடும். மூணு மாசம் ஆச்சு. ஒருத்தரும் கேக்கலை, நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அட்டையில் தூசி படிந்தால் நிலத்தில் வீடு முளைக்குமா? அவர் சண்டைக்கு வரவில்லை. “பணிமனைப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க” என்றார்.

மறுநாள் நடுப்பகலில் போனேன். கம்பி வேலி, துருப்பிடித்த பேருந்து இருக்கைகள், முழங்கால் உயரப் புல். ஒரு வீடும் இல்லை, ஒரு கல்லும் இல்லை. நிலத்தின் நடுவில் புத்தம்புது விளக்குக் கம்பம் ஒன்று நின்றது. அந்த உச்சி வெயிலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பத்தடி தள்ளிப் புல்லுக்குள்ளிருந்து ஒரு குழாய் தலை நீட்டிக்கொண்டிருந்தது. திறந்தேன். தண்ணீர் வந்தது. இதற்கெல்லாம் காரணம் உண்டு. மூன்று மாதமாகச் சின்ன ஊரைப் பார்த்துத்தான் விளக்குத் துறையும் குழாய்த் துறையும் கணக்குப் போடுகின்றன. எனக்குத் தெரியும். தெரிந்தும் அங்கே நிற்க முடியவில்லை. யாரோ குடியிருக்கிற இடத்துக்குள் சொல்லாமல் வந்துவிட்டது போலிருந்தது. குழாயை இறுக்க மூடிவிட்டு வேலிக்கு வெளியே வந்தேன்.

அவர் வீட்டுக்கும் ஒரு நாள் காலையில் போயிருந்தேன். சந்தை முனையில் பாழடைந்த கிடங்குகளின் வரிசை. அதன் கடைசிச் சுவரை ஒட்டிக்கொண்டு ஒற்றையாக நிற்கிறது வீடு. அவர் மனைவிக்குத் தகப்பனார் வழியில் வந்தது. அந்த அம்மாள் அவரைப் போல இல்லை. வாய் நிறையப் பேசுகிறவர். “அவருக்கு அங்க ஊரு முழுக்க வீடு. இங்க ஒரு ஆணி அடிக்கச் சொன்னா ஆறு மாசம்” என்று ஆரம்பித்துப் படபடவென்று பொரிந்துகொண்டிருந்தவர், பாதியில் நிறுத்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பதரை. அலமாரியில் கவிழ்த்திருந்த தம்ளர்கள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கிணுகிணுத்து அடங்கின.

“தொட்டுட்டார்” என்றார். “உக்காருங்க, காப்பி ஆறுது.”

சந்தைக்கு லாரி போயிருக்கும் என்றேன்.

“சரி, லாரின்னே வெச்சுக்குங்க” என்றார் பெருந்தன்மையாக. “முப்பது வருஷமா அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்கேன். எதை எங்க கொண்டுபோய் வேணா ஒட்டுங்க, என்னை இந்த வீட்டை விட்டு நகத்தாதீங்கன்னு.” காப்பி நன்றாக இருந்தது. சட்டையில் கொஞ்சம் சிந்திக்கொண்டேன்.

முடிவு செய்கிற கூட்டம் புதன்கிழமை பதினொரு மணிக்கு. குழுவில் பதினொரு பேர். அவர்கள் மேசையைச் சுற்றி நின்றதும் ஊரின்மேல் நிழல் விழுந்தது. நம்மவர் துவைத்த சட்டையோடு ஓரமாக நின்றார். வணிக வளாகத் துண்டு பக்கத்து முக்காலியில் கண்ணாடி மினுங்க உட்கார்ந்திருந்தது.

“பணிமனை நிலம் எது?” என்றார் குழுத்தலைவி. ஐம்பது வயதுக்காரி, நிதானமான பெண்மணி.

திட்ட அதிகாரி காட்டினார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். தூசி படிந்த ஒன்பது கட்டடங்கள் நின்றன.

“அங்க ஏற்கெனவே குடியிருப்பு இருக்கே” என்றார் ஒருவர்.

“இது யோசனைதான் மேடம். இன்னும் முடிவாகலை” என்றார் திட்ட அதிகாரி தலைவியிடம்.

“எங்க துறையில விளக்கு போட்டாச்சே. குழாயும் போயாச்சுன்னு சொன்னாங்க” என்றார் இன்னொருவர்.

“விளக்கும் தண்ணியும் போனப்புறம் என்ன முடிவாகலை?” என்றார் தலைவி. திட்ட அதிகாரி கோப்பைத் திறந்தார். ஒரு தாளைப் பார்த்தார். நிமிர்ந்து நம்மவரைப் பார்த்தார். அந்தப் பெண் கோப்பை மூடியது எனக்கு நன்றாகக் கேட்டது. எனக்குள் ஒரு குறளிப் பேய் கைதட்டியது.

ஆனால் தலைவி முக்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டாயிரம் பேர் வேலையை அப்படியே விட முடியாது. இதுக்கு ஒரு இடம் வேணும். வேற இடம் கிடைச்சாப் பாருங்க. இல்லேன்னா அந்தக் குடியிருப்பைக் கிளப்பிட்டு இதை அங்கேயே வைக்க வேண்டியதுதான்.” சொல்லிக்கொண்டே விரலை ஊரின்மேல் மெதுவாக நகர்த்தினார். துடைத்த கூரைகளைத் தாண்டி விரல் போயிற்று. ஆறு, பாலம், பள்ளிக்கூடம், சந்தை. சந்தை முனையில் நின்றது.

“இது என்ன, இங்க மட்டும் கறுத்துக் கிடக்கு?”

இருபத்தெட்டு வருஷமாகத் தினம் ஒரு விரல் பட்டுப் பட்டு அந்தக் கூரை கறுத்திருந்தது.

“பழைய கிடங்குங்க மேடம். எல்லாம் காலி. இடிக்கிறதுக்கு எழுதிக்கூட இருக்கு” என்று திட்ட அதிகாரி தாளைப் புரட்டினார். “ஓரத்துல ஒரே ஒரு வீடு மட்டும் இருக்கு.” அது யார் வீடு என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

“ஒரே ஒரு வீடுதானே. எடுத்துட்டு வளாகத்தை வெச்சுக் காட்டுங்க, பாப்போம்.”

நான் வாயைத் திறந்தேன். நம்மவர் என்னைப் பார்த்து வேண்டாமென்று லேசாகத் தலையை ஆட்டினார். மேசையைச் சுற்றி வந்தார். கிழக்கு ஓரத்தைத் தாண்டும்போது ஒன்பது கட்டடங்களையும் ஒரு பார்வை பார்த்தார். சந்தை முனைக்கு வந்து நின்று, இடுக்கியால் கிடங்குகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி எடுத்தார். வீடு மட்டும் தனியாக நின்றது. அதற்கும் நகத்தால் இரண்டு தட்டு தட்டினார். மூன்று மூச்சு காத்திருந்தார். இடுக்கியை நீட்டியவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

“என்ன ஆச்சு?” என்றார் தலைவி.

“ஒரு நிமிஷம் மேடம். உள்ள ஆள் இருக்காங்க.”

இடுக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். ரேகை இல்லாத விரலுக்கு அது இரண்டு தடவை இணங்கவில்லை. மூன்றாவது தடவை மணி போயிற்று. பதினொரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நான்தான்” என்றார். “அடுப்பை அணைச்சிடு... ஒண்ணும் இல்ல, அணைச்சிட்டு வெளிய வந்து நில்லு... இல்ல, வாசல்ல வேணாம், தெருவுக்கு வந்துடு.” கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, இடுக்கியை அந்தக் கறுத்த கூரைக்கு ஒரு நூல் மேலே பிடித்தபடி காத்திருந்தார்.

“வந்துட்டியா?” என்றார்.